ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

அந்த பஸ் டிரைவர் மார்க்கெட்டுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருபத்திரண்டு வருடமாக ஒரே பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தார். தினம் எட்டு நடை. அத்தனை கிலோமீட்டரையும் நேர்கோட்டில் நீட்டிப் போட்டிருந்தால் நிலாவுக்குப் போய்விட்டுத் திரும்பியே வந்திருப்பார். மனிதர் பார்த்ததென்னவோ காய்கறிக் கூடைகளையும் கட்டுப் போட்ட கால்களையும்தான்.

அவருடைய அசதி சாதாரண அசதியல்ல. மார்க்கெட் நிறுத்தத்தில் கிடைக்கும் பதினோரு நிமிட இடைவேளையில் ஸ்டீயரிங்மேல் தலை சாய்த்து இரண்டு கனவு கண்டு முடித்துவிட்டு, பன்னிரண்டாவது நிமிடம் யாரும் எழுப்பாமலே வண்டியை எடுப்பார் என்று அவருடைய கண்டக்டர் சொல்வார். கனவு இரண்டு என்பது கண்டக்டருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் படுத்தால் இடது கை கியரைத் தேடும். பல வருடங்கள் மனைவியின் முழங்கைதான் அதற்குக் கிடைத்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது அவளுக்கு உயிர் போய்விடும். அப்புறம் அவள் வலது பக்கம் மாறிப் படுத்துக்கொண்டாள்.

வாரத்தில் ஆறு நாள் போக, மிஞ்சியது ஞாயிறு. அன்றைக்கு அவர் வீட்டில் அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் பூனை மாதிரி நடப்பாள். அவர் மத்தியானம் எழுந்து சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்ட களைப்புத் தீர மறுபடி தூங்குவார். அந்த ஒரு நாளை வைத்துத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார். பிறகு கார் வந்தது.

காருக்குக் காரணம் மாமனார். அவர் முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி, ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவர். இப்போது அவருடைய முட்டிகள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. பஸ் படி ஏற முடியாது. முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி மகன் வீட்டில் இருந்தார். அங்கே வேளைக்குச் சோறு கிடைத்தது. நகம் வளர்ந்ததையும் முதுகு அழுக்கேறியதையும் கவனிக்க ஆளில்லை. டிரைவரின் மனைவி ஒருமுறை போனபோது அப்பாவின் கால் நகம் சுருண்டு விரலுக்குள் இறங்கியிருப்பதைப் பார்த்தாள். வந்ததும் முடிவு செய்துவிட்டாள். ஞாயிறுதோறும் அப்பாவை இங்கே கூட்டி வர வேண்டும், குளிப்பாட்டி, நகம் வெட்டி, கூட உட்கார்ந்து சாப்பிட வைத்து, சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு ஒரு கார் வேண்டும், எவ்வளவு பழசானாலும் பரவாயில்லை.

அவளும் சும்மா இருப்பவள் இல்லை. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் நின்றுகொண்டே படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. அங்கேயே விசாரித்து ஒரு மருந்துக் கடைக்காரரின் காரைப் பிடித்துவிட்டாள். பதினேழு வயது வண்டி. இரண்டு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. சிங்கிள் ஓனர், இன்ஜினில் கையே வைக்கவில்லை என்றார் கடைக்காரர். அதில் பின்பாதி உண்மை. வைத்திருக்க வேண்டிய கையைப் பதினேழு வருடமாக யாருமே வைக்கவில்லை.

டிரைவரைப் பார்க்கச் சொன்னார்கள். எட்டாவது நடை முடித்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தார். சாவியைத் திருகிய பத்தாவது விநாடி அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு சிலிண்டர் இருமுகிறது, ரேடியேட்டர் ஒழுகுகிறது, கிளட்ச் பல்லில்லாத வாய் மாதிரி கொழகொழவென்று இருக்கிறது. இதையெல்லாம் சொன்னால் என்ன ஆகும்? அடுத்த வாரம் இன்னொரு வண்டி பார்க்கப் போக வேண்டும். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. நின்ற இடத்தில் கால் கடுத்தது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடும்" என்றார்.

இருபத்திரண்டு வருட அனுபவசாலி சொல்லிவிட்டார், அதற்கு மேல் பேச்சு ஏது? வண்டி வீட்டுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இப்படி: போக முப்பத்தைந்து, கூட்டி வர முப்பத்தைந்து, கொண்டு விட முப்பத்தைந்து, விட்டுவிட்டுத் திரும்ப முப்பத்தைந்து. நூற்று நாற்பது கிலோமீட்டர். விடுமுறை நாளில் பஸ்ஸைவிட அதிகம் ஓட்டினார். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வலது பின் கதவை உள்ளேயிருந்து உதைத்தால்தான் திறக்கும். மகள் இரண்டாவது வாரமே, இது கார் இல்லை, ஐசியூ, நான் வீட்டிலேயே இருந்து படிக்கிறேன் என்று கழன்றுகொண்டாள்.

முன் சீட்டில் மாமனார் வேறு. கண்ணாடியைச் சரி செய்யச் சொல்வார். இடது பக்கம் ஒடித்தால், சிக்னல் போட்டீர்களா என்று கேட்பார். வேகத்தடைக்கு ஐம்பது அடி முன்னாலேயே, "செகண்டுக்கு வாங்க மாப்ளே" என்பார். மாப்பிள்ளை வாயைத் திறக்க மாட்டார், செகண்டுக்கு வருவார். கொண்டு விட்டுத் திரும்பும்போது மனைவி பின்சீட்டில் உட்கார்ந்தபடி தூங்கிப்போவாள். இவர் தொடையைக் கிள்ளிக்கொண்டு ஓட்டுவார்.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்டார்ட்டர் செத்துவிட்டது. மெக்கானிக் மறுநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொன்னார். டிரைவர் ஞாயிறு காலை பட்டறைக்குப் போய்க் காத்திருந்தார். மனைவி இரண்டு பஸ் மாறி அப்பாவைப் பார்க்கப் போனாள். பட்டறையில் உட்கார நாற்காலி இல்லை. தன் காரின் பின்சீட்டிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், மெக்கானிக் பட்டறை மூட வேண்டுமென்று தோளைத் தொட்டது. ஆறு மணி நேரம் போயிருந்தது. ஸ்டார்ட்டர் மாட்டி, வண்டியைக் கிளப்பி, அணைத்து, மறுபடி கிளப்பிப் பார்த்தும் அவர் அசையவில்லையாம். உள்ளே மூச்சிருக்கிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்ததாக மெக்கானிக் பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வண்டிக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் டிரைவர் பட்டறைக்கு வந்து நின்றார்.

"தம்பி, வேற ஏதாவது கோளாறு இருக்கா பாருங்களேன்."

மெக்கானிக் பானெட்டைத் திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே தொங்கிய பையைப் பார்த்தார்.

"கேட்டா இருக்கும்ணே. ரெண்டே முக்கால் லட்சம் ஓடின வண்டியில இல்லைன்னு எதைச் சொல்றது? நாளைக்குக் கொண்டுவந்து விடுங்க. நானும் வீட்டுலேருந்து தப்பிச்சு இங்கதான் கெடப்பேன்."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு டைமிங் பெல்ட், இன்னொரு ஞாயிறு கிளட்ச் தட்டு, அதற்கடுத்து ஹெட் கேஸ்கெட். பொய் என்றும் சொல்ல முடியாது. எல்லாமே என்றாவது ஒரு நாள் மாற்ற வேண்டியவைதான், இவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒரு வாரம் எந்தப் பெயரும் அகப்படாமல், டிரைவர் வீட்டில் "மெயின் லைன்ல பிரச்சினை" என்று சொல்லிவைத்தார். அப்படியொன்று எந்தக் காரிலும் கிடையாது. வண்டி முன்பைவிட நன்றாகவே ஓடியது. தூக்கத்துக்குக் கூலி வாங்க மனமில்லாமல் மெக்கானிக் இடையிடையே ஒழுகலை அடைத்து, கதவையும் சரி செய்திருந்தார். கெட்டிக்காரத்தனமாக டிரைவர் வீட்டுக்கு வருமுன் கையில் கொஞ்சம் கரியைத் தடவிக்கொள்வார்.

மனைவி ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். பட்டறைக்குப் போகும் வழியில் அவளை நிறுத்தத்தில் இறக்கிவிடுவதும் முடியாத காரியம். ரிப்பேரான வண்டியில் எப்படி இறக்கிவிடுவது? அதைப் பற்றி அவர் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். அசதி மிஞ்சிப்போனால் மனிதனுக்கு அந்தப் பழக்கம் வெகு சீக்கிரம் வந்துவிடும்.

ஒன்பதாவது ஞாயிறு அவள் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. பாவம், இந்த மனிதர் வாரா வாரம் வண்டிக்கடியில் கிடந்து மடிகிறாரே என்று ஒரு டப்பாவில் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். மெக்கானிக் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தவர், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

"அவர் எங்க?"

"சைலன்சர் பாத்துக்கிட்டு இருக்கார் அண்ணி."

சைலன்சர் பார்த்தவரின் இரண்டு பாதங்களும் பின்சீட்டு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சட்டை வெள்ளை வெளேரென்று மடிப்புக் கலையாமல் ஆணியில் தொங்கியது. குறட்டை சைலன்சர் இல்லாத லாரி மாதிரி இருந்தது.

"வண்டிக்கு என்ன தம்பி?"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஒண்ணுமில்ல அண்ணி."

"எத்தனை நாளா ஒண்ணுமில்ல?"

"ஸ்டார்ட்டர் போட்டதுலேருந்து" என்று சொல்லிவிட்டு, டீ வாங்கி வருவதாக வெளியே போனார். டீக்கடை எதிர்த்தாற்போல் இருந்தது. அவர் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது.

அவள் அவரை எழுப்பவில்லை. முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு வாசனையோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் அவரே கண் திறந்தார். முன்சீட்டில் மனைவியின் கொண்டை தெரிந்தது. இன்னும் கனவுதான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் மூடிக்கொண்டே இருப்பதில் லாபமில்லை என்று எழுந்து உட்கார்ந்தார்.

"வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள், திரும்பாமல்.

"ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னுதான் இருந்தேன். நீ உங்கப்பாவோட நகவெட்டிய எடுத்துப் பையில வைப்ப. வாய் வராது."

அவர் திட்டுக்குக் காத்திருந்தார், அது வராதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டாவது பஸ்ல உக்கார எடமே கெடைக்காது" என்றாள் கடைசியில். "ஆறு நாள் நின்னு மடிக்கிறேன், ஏழாவது நாள் நின்னு போறேன். போன வாரம் டிரைவர் பின்னாடியே நின்னேன். கண்ணாடில அவர் மூஞ்சி தெரிஞ்சுது. உங்க மூஞ்சி மாதிரியே இருந்துச்சு. அதான் இன்னிக்குச் சோறு கொண்டாந்தேன். இல்லாட்டி இப்ப வேற மாதிரி பேசியிருப்பேன்."

இருவரும் அதே டப்பாவில் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது டிரைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் பெரிய மனதுக்காரர் என்பதால் தோன்றிய யோசனை அல்ல அது. நூற்று நாற்பது கிலோமீட்டரை எப்படிக் குறைப்பது என்று பல மாதமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்கின் விடை.

"கூட்டிட்டு வர்றோம். திரும்பக் கொண்டுபோய் விடாம இருந்தா என்ன?"

அவள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "எவ்வளவு நாளைக்கு?"

"எவ்வளவு நாளைக்குன்னா? இங்கயேதான். கூடத்துல கட்டில் போட்டுடலாம்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பட்டறையில் தூசி அதிகம்தான். பிறகு சலவைக் கூடத்து மேஸ்திரி மாதிரி விரலை நீட்டிச் சொன்னாள்.

"ஆறு நாள் நான் பாத்துக்கறேன். குளிப்பாட்டறது, மருந்து, எல்லாம். ஞாயித்துக்கிழமை உங்க டூட்டி. அன்னிக்கு நான் தூங்குவேன். என்னை யாரும் எழுப்பக் கூடாது."

ஞாயிறு போயிற்று. பட்டறையில் ஒளித்து வைத்துத் தின்ற தூக்கமும் போயிற்று. ஆனால் தர மாட்டேன் என்று சொல்ல அந்தப் பட்டறையில் அவருக்கு எந்த மூலையும் மிச்சமில்லை.

"சரி" என்றார்.

அடுத்த வாரமே மாமனார் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். வந்த முதல் ஞாயிறு, மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அழைப்பு மணியின் ஒயரை டிரைவரே கழற்றினார். உள்ளறையில் மனைவி கல்யாணமான நாளிலிருந்து தூங்காததையெல்லாம் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் வெந்நீர் வைத்து, மாமனாரை ஸ்டூலில் உட்கார வைத்து முதுகு தேய்த்தார். தலை துவட்டினார். நாற்காலிக்கு மாற்றி, காலைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு நகமாக வெட்டினார். பத்தாவது விரலுக்கு வருவதற்குள் கிழவர் நாற்காலியிலேயே தலை சாய்ந்து உறங்கிவிட்டார்.

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால். கிழவருக்கு மருந்து ஒன்றரைக்கு. அவர் நாற்காலி ஓரமாகத் தரையிலேயே துண்டை விரித்துப் படுத்தார்.