திரும்பி வந்த இங்கிலீஷ்

தோழிகளே, இன்று மூன்றாம் வகுப்புக்குச் சேர்த்தெழுதும் இங்கிலீஷ் பாடம். "பேனாவை எடுக்காமல் எழுதணும், சாமிகளா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நெசவுக்காரர் மகள் செல்லம்மா எடுக்கவே இல்லை. முதல் வரி இடமிருந்து வலம் போயிற்று. நோட்டின் ஓரத்தில் வளைந்து, இரண்டாம் வரி வலமிருந்து இடமாகத் திரும்பி வந்தது.

"ஏஞ்சாமி, இது ஏன் திரும்பி வருது?"

"தறியில நூலை இழுத்துக்கிட்டு நாடா அந்தக் கரைக்குப் போனாத் திரும்பித்தானுங்க டீச்சர் வரும்? நூலை அறுத்துட்டு மறுபடியும் இந்தக் கரையிலிருந்தா ஓட்டுவாங்க?"

அதற்குள் ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டார். "புள்ளைக்கு மூளை சரியில்லைங்க டீச்சரம்மா. ஒரு வகுப்புக் கீழே எறக்கிடுங்க."

இறக்கினால் அவள் அப்பா மறுநாளே தறி வேலைக்கு அழைத்துக்கொள்வார். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கட்டும் என்று கெஞ்சினேன்.

"கரை வந்ததும் அறுத்துடு, சாமி."

"நல்ல நூலையுங்களா டீச்சர்?"

"வெள்ளைக்காரங்க நூல்தானே. வீணாப் போனாப் போகட்டும்."

சிரித்தாள். அறுத்தாள். எல்லா வரிகளும் ஒழுங்காக இடப்பக்கத்திலிருந்தே கிளம்பின.

"பாத்தீங்களா? மெரட்டினாத்தான் மூளை வேலை செய்யுமுங்க" என்று ஹெட்மாஸ்டர் சிவப்பு மையால் ஒப்பமிட்டுப் போனார்.

அந்த ஒப்பத்தைப் பார்த்துக் கீழே வரைந்திருக்கிறேன். இந்தத் தாள் உங்கள் வீட்டுக்குச் சுற்றி வரும்போது, அந்த ஒப்பம் இடமிருந்து தொடங்குகிறதா, வலமிருந்தா என்று கண்டுபிடித்தவர்கள் தயவுசெய்து ஓரத்தில் எழுதுங்கள்.