கிணற்றடியில் சொன்ன கூலி

அறுத்த நெல்லின் சுணை கழுத்தடியில் ஒட்டிக்கொண்டால், வாய்க்கால் தண்ணீரில் எத்தனை தரம் கழுவினாலும் அரிப்புப் போகாது. அந்த அரிப்போடு எனக்கு இராசம்மா மாமியின் நினைவும் வரும்.

வட்டக்கச்சியில் எங்கள் வயலுக்கு அடுத்தது மாமியின் வயல். அரிவு வெட்ட அவா எங்களுக்கு மூன்று நாள் வந்தால், அம்மா அவாவுக்கு மூன்று நாள் போவா. வெளியாட்களுக்குத்தான் "கூலி", எங்களுக்குள் அந்தச் சொல்லே இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயதான மாரியில் வெள்ளம் வந்து, பள்ளத்தில் கிடந்த மாமியின் பயிர் முழுக்க அழிந்துபோயிற்று. தன் வயலில் வெட்ட ஒரு கதிர் இல்லாதபோதும், அவா வழக்கம்போல வந்து எங்களுக்கு மூன்று நாளும் குனிந்து வெட்டினா.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு கடகம் நெல்லை என் தலையில் வைத்து, "அம்மாளாச்சிக்கு நேர்ந்த நெல்லு, மாமி பொங்கிப் படைக்கட்டாம் எண்டு சொல்லிக் குடு" என்று அனுப்பினா.

கிணற்றடியில் மாமியோடு நாலைந்து பெண்கள் நின்றார்கள். "என்னடி, மாமிக்குச் சீதனமோ கொண்டு வாறாய்?" என்று ஒருத்தி பகிடி விட்டா. நானும் சிரித்துக்கொண்டு, "இல்லை, மாமியின்ர மூண்டு நாள் கூலி" என்றேன்.

சிரிப்பு நின்றுபோயிற்று.

"நான் உங்களிட்டைக் கூலிக்கோ வந்தனான்? கொண்டு போ, பிள்ளை" என்றா மாமி. அன்று அவாவின் அடுப்பில் உலை ஏறியதோ தெரியாது.

அம்மா ஓடிப்போய், "பிள்ளை தெரியாமல் சொல்லிப்போட்டுது, மச்சாள்" என்று கெஞ்சினா.

"வீட்டில கதைக்கிறதுதானே பிள்ளையின்ர வாயில வரும்."

அவா சொன்னது சரி. கடகத்தில் நெல்லை அளந்து போட்டபோது, "மூண்டு நாள் கூலிக்கு இது காணும்" என்று அப்பா சொன்னவர். குசினிக்குள் நின்ற அம்மாவுக்கு அது கேட்கவில்லை. நானும் கடைசிவரை சொல்லவில்லை. தான் பெற்ற பிள்ளைக்கு எங்கிருந்து அந்தச் சொல் வந்ததென்று தெரியாமலே அம்மா கண்ணை மூடிவிட்டா.

மாமி பிறகு எங்கள் வயலில் இறங்கவேயில்லை. சண்டைக்கால இடம்பெயர்வோடு அவா எங்கே போனாவென்றும் தெரியவில்லை.

இப்போது மெசின் வந்து ஒரு காலைப்பொழுதில் வெட்டிக் கொட்டிவிட்டுப் போகிறது. கூலி வாங்காமல் எங்கள் வயலில் வந்து இறங்க ஒருவருமில்லை. வருசாவருசம் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு ஒரு கடகம் நெல் எடுத்துப் போய், அன்று அம்மா சொல்லிவிட்டதை ஒரு சொல்லும் மாறாமல் அம்மாளாச்சியிடம் சொல்கிறேன். சொல்லிவிட்டுத் திரும்பி, சனத்துக்குள் மாமியைத் தேடுகிறேன்.