அக்காவின் காப்பியும் மாமாவின் ரீடிங்கும்

கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் எனக்குப் பக்கத்து மிஷின் அக்காவுடையது. உடன்பிறந்தவள் இல்லை, பதினோரு வருஷமாக ஒரே டியூப்லைட்டின் கீழ் தைக்கிறோம், அது போதாதா? கெட்டி ரெக்சினை மடித்து ஊசிக்குக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தால் யாரையோ அடிக்கப் போகிறாள் என்று தோன்றும். பதினோரு மணிக்குக் காப்பி வந்ததும் அதுவே பச்சைக் குழந்தை முகமாகிவிடும்.

அந்தக் காப்பிக்குத்தான் ஆபத்து வந்தது, அவள் வீட்டுக்காரர் ரூபத்தில்.

மாமா முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்தவர். ஓய்வு பெற்றதும் குறிக்க ஒன்றுமில்லாமல் கை அரித்திருக்கிறது. ஒரு பி.பி. மிஷின் வாங்கினார், கூடவே ஒரு நீள நோட்டு. அக்காவை அளந்தார். நூற்று ஐம்பத்தெட்டு. "பார்த்தியா? எல்லாம் அந்தக் காப்பி!" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். தன்னை மட்டும் அளந்துகொள்ளவில்லை. காப்பி, டீ, சிகரெட் எதையும் தொடாத உடம்பாம்.

வீட்டில் காப்பிப் பொடி டப்பா காலி. பட்டறைக்கே வந்து என்னிடம், "நீ பார்த்துக்கம்மா, ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது" என்று காவல் வேலை வேறு கொடுத்தார். பலமாகத் தலையாட்டினேன். அன்றைக்கே என் டம்ளரில் இரண்டு பேருக்கான காப்பி வந்தது.

ரீடிங் இறங்குவதாக இல்லை. இரண்டு மாசத்தில் நூற்று ஐம்பதுக்குக் கீழே ஒரு வரி கிடையாது. "டாக்டர்கிட்ட நோட்டைக் காட்டி, ஆயுசுக்கும் காப்பி கூடாதுன்னு எழுதி வாங்கிடறேன்" என்று மாமா கிளம்பினார். அக்கா என்னைத் துணைக்கு இழுத்தாள். கள்ளக் காப்பி கொடுத்தவள் நானல்லவா? அவளுக்கு நிஜமாகவே ஏதாவது இருந்துவிட்டால்?

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "வீட்ல எப்படிம்மா எடுப்பாரு?"

"வேலை முடிஞ்சு மூணு மாடி ஏறி வருவேன். கதவைத் திறக்கும்போதே மிஷினோட நிப்பாரு. நின்னபடியே கையை நீட்டணும். பட்டையைச் சுத்திக்கிட்டே, ஏன் லேட்டு, கேஸை ஏன் சரியா மூடல, உன் தம்பி எதுக்குப் போன் பண்ணான்னு கேப்பாரு. நானும் பதில் சொல்வேன்."

"பதில்னா?"

"கத்துவேன்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அக்காவை நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்தார். கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். ஐந்து நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். மாமா பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! பிறகு அளந்தால் நூற்று இருபத்து நாலு.

"காப்பி குடிச்ச கையோட எடுத்தா கொஞ்சம் ஏறிக் காட்டும். அரைமணி விட்டு எடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு காப்பி குடிக்கட்டும், தப்பில்ல."

"ரெண்டா?" மாமாவின் குரல் கீச்சிட்டது.

டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "நீங்களும் கொஞ்சம் உக்காருங்க."

நூற்று எழுபத்திரண்டு. மறுபடி எடுத்தார், நூற்று எழுபது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவி நான். அக்கா சிரிக்கவில்லை. மாமா முகம் வெளுத்துப்போய், "நான் காப்பியே குடிக்கிறதில்லையே டாக்டர், எதை நிறுத்துறது?" என்று கேட்டபோது அவள் கண் கலங்கியது. ஒரு வாரம் தினமும் காலையில் அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள், மாத்திரை பற்றி அப்புறம் பேசலாம் என்றார் டாக்டரம்மா.

படியிறங்கும்போது, "என்னையே அளந்துக்கிட்டு இருந்த மனுஷன், தன்னைப் பார்க்காம விட்டுட்டாரே" என்று அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை அவளை வேலைக்குக் கூட்டிப்போகப் போனேன். மாமா நாற்காலியில் சாய்ந்து, கையில் பட்டையோடு, உத்தரத்தைப் பார்த்தபடி இருந்தார். எதிரே அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, ஆவி பறக்கும் காப்பியை நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நோட்டு இப்போது அவள் மடியில்.

"அஞ்சு நிமிஷம் எப்பவோ ஆயிடுச்சு," என்றார் மாமா.

"பேசிட்டீங்களா? போச்சு. மறுபடியும் முதல்லேருந்து," என்று சொல்லி அக்கா அடுத்த வாய் உறிஞ்சினாள்.