பிறப்பிடம் இல்லாத அறிவித்தல்

பத்திரிகையில் மரண அறிவித்தல்களைத் திருத்துவது நெடுங்காலம் என் வேலையாக இருந்தது. முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். எங்கள் ஆட்கள் படத்தைவிடப் பிறப்பிடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அறிவித்தல்கள் முகநூலுக்குப் போன பிறகும் அது மாறவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கு மேல்மாடியில் இருப்பவள், தகப்பன் இறந்த காலை, அறிவித்தல் எழுதித் தரச் சொல்லி வந்தாள். அவர் மலையகத்தில், அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கொட்டாஞ்சேனையில் மகனோடு இருந்தார். மகளுடைய முகநூலில் அட்டன் கிடையாது. யாழ்ப்பாணத்துக் கணவனின் நல்லூரையே சொந்த ஊராகப் போட்டிருந்தாள். தேர்த் திருவிழாப் படங்களின் கீழ் ‘எங்கட ஊர்’ என்று எழுதுவாள்.

நான் வழக்கப்படி, அட்டனைப் பிறப்பிடமாகப் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

“பிறப்பிடத்த விடுவம் அக்கா. கொட்டாஞ்சேனை மட்டும் காணும்.”

விட்டால்தான் கேட்பார்கள் என்றேன். கேட்கட்டும் என்றாள். வாதாட அலுப்பாக இருந்தது; பிறப்பிடத்தை எடுத்துக் கொடுத்தேன், அவள் அதை முகநூலில் போட்டாள்.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் முகநூலில் கேட்டுவிட்டார்கள். லண்டனிலிருந்து ஒருவர், அப்பா எந்த ஊர் என்று. நல்லூராகத்தான் இருக்கும் என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். மூன்றாமவர், சிறுவயதில் அவரை நல்லூர்க் கோயிலடியில் கண்ட ஞாபகம் என்று எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் அவள் கைகூப்பும் படமொன்றைப் போட்டிருந்தாள்.

பெட்டியருகே அவளுடைய அண்ணன் தன் போனை நீட்டினார். குரலை உயர்த்தவில்லை.

“அப்பாவ நல்லூர்ல பொறக்க வச்சிட்ட போல.”

“நான் எழுதேல்ல அண்ணா. அவையாச் சொல்லினம்.”

“கும்பிட்டிருக்கியே.”

தோட்டத்திலிருந்து வேனில் ஆட்கள் வருகிறார்கள், சித்தப்பாவும் வருகிறார், வழியெல்லாம் இதைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்கள் என்றார் அண்ணன். “அவரோட அண்ணன் எங்க பொறந்தாருன்னு அவருக்கு நீயே சொல்லு.”

“இப்ப என்னைய என்ன பண்ணச் சொல்ற?”

வெள்ளவத்தையில் அவள் இப்படித் தோட்டத்துப் பேச்சில் கதைத்து நான் கேட்டதில்லை. அண்ணன் கதிரைகளை ஒழுங்குபடுத்தப் போனார்.

அவள் சுவரோரம் போனோடு உட்கார்ந்தாள். பிறகு அந்தப் பதில்களின் கீழ் எழுதினாள்: ‘அப்பா பிறந்தது அட்டனில், தோட்டத்தில்.’ எழுதியதை என்னிடம் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அங்கே யாரும் எதுவும் எழுதவில்லை. வேன் வந்தது. அவள் வாசலுக்குப் போய்ச் சித்தப்பாவின் பையை வாங்கிக்கொண்டாள். அவர் நல்லூர்ப் பதில்களோடு நிறுத்திவிட்டாரா, கடைசியில் அவள் எழுதியதுவரை வாசித்தாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.