முன் லிஃப்டும் மீன் பையும்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஐப்பசி மழைக்காலம். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. அதன் ஏழாம் மாடியில், ஒப்பரேஷனில் மாற்றிய முழங்காலும் கையில் வோக்கருமாக, நான் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தேன். பிள்ளைகள் இருவரும் கனடாவில். கால்வலியைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சண்டை பிடிக்க ஆள் இல்லாததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த நாட்களில் எனக்குக் கையும் காலுமாக இருந்தவர், சமைத்துத் தர வரும் பெண். நாற்பது தாண்டியவர். மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். காலையில் பஸ் பிடித்து, வழியில் மரக்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு வருவார். நான் அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பும் அவரிடம்தான் இருக்கும்.

எங்கள் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். முன்னால் இருப்பது கண்ணாடி பதித்தது. பின்னால் இருப்பது சாமான்களுக்கும் குப்பைக்கும், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், வேலைக்கு வருகிறவர்களுக்கும். பின் லிஃப்ட் பழுதானதும் எல்லோரும் முன் லிஃப்டிலேயே வந்துபோகத் தொடங்கினார்கள். ஒரு கிழமை போகவில்லை, லிஃப்டுக்குள் மீன் நாறுகிறது என்று முறைப்பாடு வந்துவிட்டது. அந்த மீன் யாருடைய சட்டிக்குப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நிர்வாகக் குழு கூடியது. மறுநாள் முன் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பின் லிஃப்ட் திருத்தும் வரை வேலையாட்கள் படியில்தான் ஏறவேண்டும், முன் லிஃப்டைப் பாவிக்கக் கூடாது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருந்தது.

அந்தத் தமிழை எழுதியவர் எங்கள் குழுத் தலைவர். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். ஒரு காலத்தில் தலைமைக் கந்தோரிலிருந்து சிங்களத்தில் மட்டும் வந்த கடிதங்களை, தமிழில் வரும் வரை திருப்பித் திருப்பி அனுப்பியவர். மேலதிகாரிகள் மிரட்டிப் பார்த்தும் அவற்றில் கையெழுத்து வைக்கவில்லையாம். பொங்கல் ஒன்றுகூடல் வந்தால் அந்தக் கதையும் வரும். நானும் ஒவ்வொரு முறையும் மனதாரக் கைதட்டியிருக்கிறேன்.

தங்கச்சிக்குத் தொய்வு வருத்தம் இருந்தது. ஏழு மாடி ஏறி வந்து, பைகளை வாசலில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி இன்ஹேலரை இழுப்பார். நெஞ்சுக்குள் விசில் ஊதுவது உள்ளே எனக்குக் கேட்கும். முதல் நாளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவருக்கு போன் எடுத்து வாய்க்கு வந்தபடி கிழித்தேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை. ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விடவேண்டி வரும் என்று சொல்லிவிட்டு, முழங்கால் எப்படி என்று சுகம் விசாரித்தார். அந்த மரியாதை எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது.

"நாளைக்குக் கிளினிக்கிலையிருந்து வரேக்கை என்னோட லிஃப்டிலை வாரும். ஆர் மறிக்கினம் எண்டு பாப்பம்" என்று தங்கச்சியிடம் சொன்னேன்.

அவர் போஞ்சி வெட்டுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "வேணாம்மா. உங்களுக்காக என்னய மட்டும் விடுவாங்க. மத்த பொம்பளைங்க படியிலதானே ஏறுவாங்க."

பிறகு, கேட்காமலே ஒரு கதை சொன்னார். அவருடைய அம்மா தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை செய்தவராம். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் வேலைக்காரருக்கென்று பின்கதவு வைத்திருந்தார்களாம். வெள்ளைக்காரர் போய், இந்த நாட்டு ஆட்களே துரையாக வந்த பிறகும் அந்தக் கதவு மாறவில்லையாம். தோட்டத்தில் அநியாயம் நடந்தால் கத்திக் கூப்பாடு போடமாட்டார்களாம். ஒரு நாளைக்கு எவ்வளவு கொழுந்து பறிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களோ, அவ்வளவையும் பறித்துக் கொடுத்துவிட்டு, கூடையை இறக்கிவிடுவார்களாம். அதற்கு மேல் ஓர் இலை கிடையாது.

"சொன்னத மட்டும் செய்யிறது. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்றார். தேயிலை மலையில் செய்ததை வெள்ளவத்தை ஃப்ளாட்டில் எப்படிச் செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை விளங்கியது. கட்டடத்தில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் வழக்கம்போல வந்தார்கள். கொண்டுவந்த பைகளைக் கீழே சுவரோரமாக வீட்டு இலக்கம் எழுதி வரிசையாக வைத்துவிட்டு, வெறுங்கையோடு படியேறினார்கள். தாங்கள்தான் லிஃப்டில் ஏறக்கூடாது, சாமானுக்குத் தடையில்லையே, ஏற்றி அனுப்புங்கள், மேலே எடுத்துச் சமைத்துத் தருகிறோம் என்றார்கள். மேலிருந்து போகும் குப்பைப் பைகளும் அப்படியே, அந்தந்த மாடி லிஃப்ட் வாசல் வரைதான். சத்தம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. வீட்டு வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அதன்பிறகு எங்கள் முன் லிஃப்டைப் பார்க்கவேண்டுமே. செக்யூரிட்டிக்காரர் இன்டர்கொம்மில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட, சாரத்தோடும் ஹவுஸ்கோட்டோடும் வீட்டுக்காரர்களே இறங்கினார்கள். மீன் பையைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேலே போனார்கள். எனக்கு இறங்க முடியாது என்பதால், செக்யூரிட்டிக்காரர் என் பையை லிஃப்டுக்குள் வைத்து ஏழாம் இலக்கத்தை அமத்திவிடுவார். ஒரு நாள் என் முருங்கைக்காய் எட்டாம் மாடி வரை தனியாகப் போய்த் திரும்பி வந்தது. நான் வோக்கரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் கீழே சிரிப்பில்லை. இப்படியே நடந்தால் உள்ளே வருவதற்கான பாஸை நிறுத்திவிடுவோம் என்று குழு எச்சரித்தது. தங்கச்சியின் கணவருக்குக் கொச்சிக்கடைப் பக்கம் மூட்டை தூக்கும் வேலை, அதுவும் கிடைக்கும் நாளில்தான். பயமில்லையா என்று கேட்டேன். பயம்தான் என்றார். பயந்துகொண்டே அடுத்த நாளும் வெறுங்கையோடு படியேறினார்.

அந்தக் கிழமைக் கடைசியில் எனக்கு மறுபடியும் கிளினிக். தனியாக நடக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் தங்கச்சியும் என் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். திரும்பி வந்து ஓட்டோவால் இறங்கும்போது நல்ல மழை. கீழே லிஃப்டுக்கு முன்னால் தலைவர் நின்றார், கையில் தன் வீட்டு மீன் பை. எங்களைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார். "நீர் இவவோட லிஃப்டிலை போம். வருத்தக்காரருக்குத் துணையாப் போறது பிழையில்லை" என்று தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார்.

"இருக்கட்டும் சார். அம்மாவ நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் படியில வந்து கதவத் தொறக்கிறேன்" என்றார் தங்கச்சி. குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவரிடம் என்னை ஒப்படைத்தார்.

திறப்பைத் தாரும் என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு வேண்டுமென்றே மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு செய்த ஒரே எதிர்ப்பு அதுதான்.

ஒரு கையில் என் முழங்கையும் மறு கையில் மீன் பையுமாகத் தலைவர் என்னை ஏழாம் மாடிக்குக் கொண்டுவந்தார். பூட்டிய கதவுக்கு முன்னால் இருவரும் நின்றோம். படிக்கட்டு பக்கத்திலேயே இருப்பதால் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மாடிக்கும் நின்று, மூச்சை இழுத்து, மறுபடியும் ஏறும் சத்தம். மீன் பையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. தலைவர் அதைப் பார்க்கவில்லை. ஐந்தாம் மாடியளவில் காலடி நின்றது. நாங்கள் காத்திருந்தோம். அது மறுபடியும் தொடங்கவில்லை.

தலைவர் பையைத் தரையில் போட்டுவிட்டுப் படியால் இறங்கி ஓடினார். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். என் மருந்துப் பை தலைவரின் கையில் இருந்தது. தங்கச்சி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்தார். தலைவருக்கும் மூச்சு வாங்கியது. தங்கச்சி இன்னொரு தடவை இன்ஹேலரை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தார். "உள்ள வாங்க சார், தேத்தண்ணி ஊத்துறேன்" என்றார்.

இன்னொரு நாளைக்கு என்று சொல்லிவிட்டு, தலைவர் மீன் பையை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடியிலிருக்கும் தன் வீட்டுக்குப் போனார். லிஃப்ட் எங்கள் மாடியிலேயே நின்றது. அவர் படியால் இறங்கினார்.

மறுநாள் காலையில் அறிவித்தல் இல்லை, டேப் ஒட்டிய அடையாளம் மட்டும்தான் இருந்தது. தலைவரே விடியற்காலையில் வந்து கிழித்தாராம், செக்யூரிட்டிக்காரர் சொன்னார். தங்கச்சி இரண்டு கையிலும் பைகளோடு முன் லிஃப்டில் வந்து இறங்கினார். முகத்தில் வெற்றிக் களிப்பெல்லாம் இல்லை. இன்றைக்கு விளைமீன் நல்ல மலிவு என்றார். எனக்குத்தான் கண் கலங்கியது.

அடுத்து வந்த பொங்கல் ஒன்றுகூடலில் யாரோ கேட்டும் தலைவர் தன் கடிதக் கதையைச் சொல்லவில்லை. அன்று கந்தோரில் அவர் செய்ததும் பெரிய காரியம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு, எங்கேயாவது பிழையில்லாத நல்ல தமிழில் ஓர் அறிவித்தலைக் கண்டால், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டதென்று சந்தோஷப்படுவதற்கு முதல், அது யாரை வாசலில் நிற்பாட்டுகிறது என்று ஒருதரம் நின்று வாசித்துவிட்டுத்தான் போகிறேன்.