பாவு நூலில் தொங்கிய துளிகள்

படிப்பகத்து நண்பர்களுக்கு, இன்று காலை நடந்ததை இந்தப் பலகையில் ஒட்டுகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுப் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களுக்கு, கஞ்சி போட்டுத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். திடீரென்று தூறல்.

நெசவாளி கன்னியப்பன் கத்தினார். "சார், சும்மா பாத்துக்கினு நிக்கிறீங்களே! இந்த முனையப் புடிங்க. தொய்ஞ்சா நூலெல்லாம் ஒட்டிக்கும், பாவே போச்சு!"

பிடித்தேன். மறுமுனையைப் பிடித்திருந்தவன் என் தம்பி. பாகப்பிரிவினையில் கிணற்றைத் தன் பக்கம் எழுதிக்கொண்டவன். அன்றிலிருந்து பேச்சில்லை.

நூல்களின் அடியில் துளிகள் விழாமல் தொங்கின. வேதியியல் படித்த எனக்கு வேலை தராத கல்லூரிக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை இழுக்கிறது. பலவீனமான பிடிப்பு. நொடிக்குள் எண்ணற்ற முறை அறுந்து, மறுபடி பிணைகிறது. அதுதான் அந்தத் துளியைத் தாங்குகிறது. ஏரியும் கடலும் ஆவியாகிப் போகாமல் கிடப்பதும் அதனால்தான். பாடமாகப் படித்தபோது உறைக்கவில்லை; இன்று மெய்சிலிர்த்தது.

"அண்ணே, துளியப் பாத்துக்கினு நிக்காத, இழுத்துப் புடி!" என்றான் தம்பி.

இழுத்துப் பிடித்தேன். தூறல் விட்டது, பாவு பிழைத்தது.

முதலில் பேசியவன் அவன்தான் என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளவும். நீரில் எந்த மூலக்கூறு முதலில் கை நீட்டுகிறது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதலாம்.