கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு

அத்தையின் செருப்பு அவள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வீட்டுக்குள் செருப்பு வந்தால் அம்மா சாமியாடிவிடுவாள். ஆனால் இந்த ஜோடியிடம் மட்டும் அவள் ஜம்பம் பலிக்கவில்லை. காலையில் கூட்டும்போது விளக்குமாற்றால் அதை வாசலுக்குத் தள்ளுவாள். மாலைக்குள் அது பழைய இடத்துக்கு வந்திருக்கும். எனக்கோ அதைப் பார்த்தாலே இருப்புக்கொள்ளாது.

அத்தை என் அப்பாவின் அக்கா. எங்கள் ஊர் அகரத்திலிருந்து பஸ் ஏறி நூற்பாலைக்குப் போய்ப் போய், அங்கேயே தலை நரைத்தவள். ஷிப்ட் முடிந்தால் கேட்டில் ஒவ்வொரு பெண்ணையும் இரண்டு கையையும் தூக்கச் சொல்லித் தடவிப் பார்ப்பார்கள். தூக்குவாளியைக்கூடக் கவிழ்ப்பார்கள். ஒரு கார்த்திகைக்கு, தரையில் கூட்டி ஒதுக்கியிருந்த கழிவுப் பஞ்சில் ஒரு கைப்பிடியை விளக்குத் திரிக்கென்று முந்தானையில் முடிந்து வந்து அகப்பட்டுக்கொண்டாள். எல்லோரும் பார்க்க, கேட்டிலேயே நிற்கவைத்தார்கள். "குப்பைக்குப் போற பஞ்சு தாயி. அதுக்கு அம்புட்டுப் பேச்சு பேசினாய்ங்க" என்று இப்போதும் சொல்லிப் புலம்புவாள்.

நான் ஆசிரியை வேலைக்குப் போய்க் கொஞ்சம் நிமிர்ந்ததும் அவளை மலேசியாவுக்கு அழைத்துப்போனேன். திண்டுக்கல்லிலிருந்து கூட்டமாகக் கிளம்பிய சுற்றுலா. ஓட்டல் அறையில் கம்பளம் விரித்திருந்தார்கள். அதன்மேல் செருப்புக் காலோடு நடக்க எங்கள் ஆட்களுக்கு மனம் வரவில்லை. எல்லா அறை வாசலிலும் செருப்புகள் கிடந்தன. எல்லாம் பயணத்துக்கென்று வாங்கிய புதுசு. அத்தையுடையது மட்டும் வார் தைத்த பழசு. காலையில் அதைத்தான் காணவில்லை.

எங்களைக் கூட்டிப்போனவர் வரவேற்பில் போய்க் குதித்தார். மேனேஜர் ஓடிவந்து அத்தையை சோபாவில் உட்காரவைத்து, ஜூஸ் வரவழைத்து, 'மேடம், மேடம்' என்று குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவளுக்காக யாரும் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. அத்தை முதுகை நிமிர்த்திக்கொண்டு, "செருப்பு வந்தாத்தான் எந்திரிப்பேன்" என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மாடியைக் கூட்டும் பெண்ணை அழைத்துவந்தார்கள். இந்தோனேசியாக்காரி, அத்தை வயதுதான் இருக்கும். எங்கள் எதிரிலேயே அவள் பையைக் கவிழ்த்தார்கள். சோற்று டப்பா, சீப்பு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய அத்தையின் செருப்பு. அவள் அழுதுகொண்டே சொன்னதை மலாய் தெரிந்த எங்கள் தமிழ் வழிகாட்டி சொன்னார்: பழசாக வெளியே கிடந்ததால் வேண்டாமென்று போட்டதாக நினைத்தாளாம். அது யார் காதிலும் ஏறவில்லை. காவல்காரப் பெண் அவளை இரண்டு கையையும் தூக்கச் சொல்லித் தடவ ஆரம்பித்தாள்.

அத்தை ஜூஸைக் கீழே வைத்தாள். "விடச் சொல்லு தாயி, குப்பைன்னு நெனச்சுட்டா. விடச் சொல்லு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினேன். மேனேஜர் சிரித்த முகம் மாறாமல், மேடம் கவலைப்பட வேண்டாம், இனி இவள் இங்கே வேலையில் இருக்கமாட்டாள் என்றார். ஒரு பழைய செருப்புக்காக ஓட்டலையே புரட்டிப்போட முடிந்த எங்கள் பேச்சு, அவளை விடச் சொன்னபோது மட்டும் எடுபடவில்லை.

அந்தப் பெண் வேறு வேலை பிடித்தாளா, ஊருக்கே அனுப்பிவிட்டார்களா, யாரிடம் கேட்பது? பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று நினைவு வரும்; சாக்பீஸோடு அப்படியே நின்றுவிடுவேன். அத்தை அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினாள். "மேடம்னு கூப்பிட்டப்ப குளுகுளுன்னு இருந்துச்சு தாயி. அதான் அவ பையக் கவுத்தப்ப செத்த நேரம் வாயத் தெறக்காம இருந்துட்டேன்."

போன வாரம் அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "இந்தப் பிஞ்ச செருப்ப எவன் மதினி களவாங்கப் போறான்?"

வாசலில் கிடந்த செருப்பை அத்தை குனிந்து எடுத்தாள்.

"களவு போயிரும்னா எடுத்து வைக்கிறேன்? வெளிய கெடந்தா எவளாச்சும் எடுத்து அகப்பட்டுக்கிருவா."

அம்மா விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். அத்தை செருப்பைக் கட்டிலுக்கு அடியில், சுவரை ஒட்டித் தள்ளி வைத்தாள்.